மரங்கள்: இல்லை

முதல் புளியமரம் சாய்ந்தபோது காலை எட்டு மணி இருக்கும். அடிமரம் முறிகிற சத்தம் வருவதற்கு முன்பே பறவைகள் கிளம்பிவிட்டன. கொக்கு, வக்கா, நீர்க்காகம் எல்லாம் ஒன்றாக எழும்பித் தோப்புக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. மரம் விழுந்து புழுதி அடங்குவதற்குள் கிளைகளிலிருந்து குஞ்சுகள் உதிர ஆரம்பித்தன.

ஒன்று என் காலடியிலேயே வந்து விழுந்தது. வக்காக் குஞ்சு. இறகு முளைக்கவில்லை, பழுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து எடுத்தேன். பயத்தில் அது பாதி செரித்த மீனை என் சட்டைமேல் கக்கியது.

ஒரு கையில் குஞ்சு, கக்கத்தில் வரைபடச் சுருள். அந்த வரைபடத்தின்படி நான் நின்றுகொண்டிருந்த இடத்தில் மரமே கிடையாது.

திங்கட்கிழமை காலை வேலூரிலிருந்து அதிகாரி ஒருவர் இடத்தைப் பார்க்க வருகிறார். அதற்குள் பதினாறு மரங்களும் போயாக வேண்டும். ஏனென்றால் அவை இல்லை என்று எழுதியவன் நான்.

ஒரு வார்த்தை

போன வாரம் இந்தத் தொடரில் என் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன். அதைப் படித்துவிட்டு என் மனைவி சரோஜா, “அந்தக் கையெழுத்தால செஞ்சதையும் எழுதுவீங்களா, இல்ல நல்லதை மட்டும்தானா?” என்று கேட்டாள். இரண்டு நாள் பதில் சொல்லாமல் இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் பின்பாதி. மாவட்டம் பிரியாத காலம், எதற்கெடுத்தாலும் வேலூருக்குத்தான் ஓட வேண்டும். திருவண்ணாமலையில் ஓர் அலுவலகத்தில் நான் வரைவாளனாக இருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. என் மேலதிகாரியின் பெயரையும் விட்டுவிடுகிறேன். அவருடைய பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கக்கூடும்.

ஊர் அப்போதுதான் கோயிலைச் சுற்றிய தெருக்களை விட்டு வெளியே வழிய ஆரம்பித்திருந்தது. கழனிகளும் தோப்புகளும் மனைகளாக மாறிக்கொண்டிருந்தன. கீழ்பென்னாத்தூர் போகிற சாலையில், ஏரிக்கரையை ஒட்டி ஒரு புளியந்தோப்பு. அதையும் பக்கத்து மேட்டு நிலத்தையும் சேர்த்து மனை போடுவதற்கு விண்ணப்பம் வந்தது. இடத்தை அளந்து வரைபடம் போட வேண்டியது என் வேலை.

பெரிய மரங்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். குறித்துவிட்டால் பூங்காவுக்கான இடத்தை அங்கேதான் விடச் சொல்வார்கள். தெரு வளையும், மனை கம்மியாகும், மனை போடுகிறவர் முகம் சுளிப்பார்.

மேலதிகாரி என் மேசைக்கே வந்து நின்றார். “வேலாயுதம், எதுக்குப்பா ஜாஸ்தி வேலை? தெருவை நேரா இழு. மரமெல்லாம் அவங்களே எடுத்துடுவாங்க.”

“பெரிய மரம் சார்.”

“பேப்பர் முதல்ல போகட்டும். அது வேலூர் போய் வர்றதுக்குள்ள அங்க ஒண்ணும் இருக்காது.”

எனக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, சரோஜா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இதையெல்லாம் சாக்காகச் சொல்லலாம். உண்மையில் நான் அவ்வளவு யோசிக்கவே இல்லை. பேனாவை மையில் தொட்டு, குறிப்புக் கட்டத்தில் ‘மரங்கள்: இல்லை’ என்று எழுதினேன். எழுதும்போது என் கவனமெல்லாம் எழுத்து நேராக வருகிறதா என்பதில்தான் இருந்தது.

சோறு ஊட்ட ஒரே பறவை

நாங்கள் குடியிருந்ததும் நான் வரைந்த ஒரு தெருவில்தான். இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் போட்ட மனைப்பிரிவு. அதற்கு முன் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு பழைய சந்தில் வாடகைக்கு இருந்தோம். எதிரே அரசமரம், கொல்லையில் வேம்பு, முருங்கை. இருட்டு வீடு, குழாயில் தண்ணீர் சரியாக வராது. புது இடத்தில் காற்றோட்டமான வீடு, சிமெண்ட் தரை, நேரான தெரு. சரோஜாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

குடிவந்த கொஞ்ச நாளில் அவள் ஒரு விசித்திரமான குறை சொன்னாள். “ஏங்க, புள்ளைக்குச் சோறு ஊட்ட முடியலைங்க.”

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“வேடிக்கை காட்ட ஒண்ணும் இல்ல. அங்கன்னா மைனா வரும், கிளி வரும், ரெட்டைவால் குருவி வரும். அதைப் பாரு இதைப் பாருன்னு ஒரு கிண்ணம் ஊட்டிடுவேன். இங்க வெறும் காக்கா. ரெண்டு வாய் வாங்கிட்டு, ‘காக்கா வேணாம்’னு மூஞ்சியைத் திருப்பிக்குது.”

சிரித்துவிட்டேன். மறுநாள் காலை வாசலில் நின்று பார்த்தேன். மின்கம்பியில் காகங்கள், ஓட்டு இடுக்கில் சிட்டுக்குருவிகள். அவ்வளவுதான். தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளவுகோல் வைத்து இழுத்ததுபோல இருந்தது. இழுத்ததும் நான்தான். நிழல் என்று சொல்ல ஒரு கம்பத்தின் நிழல்கூடச் சரியாக விழவில்லை. மனை போடும்போது அங்கிருந்த இலுப்பையையும் வேலமரங்களையும் ஒட்ட எடுத்திருந்தார்கள். ஒரு தெருவை நேராக்கினால் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுவரை மாறிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்த பிறகும் அதை நான் புளியந்தோப்போடு சேர்த்துப் பார்க்கவில்லை.

இங்க் பட்ட விரல்

தீபத்துக்குச் சில வாரம் முன்பு ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். காலில் சேறு காயவில்லை. பெயர் பச்சையம்மாள். அந்தத் தோப்புக்கு அடுத்த கழனி அவளுடையது. கணவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்ததால் விவசாயத்தை அவள் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேராக என் மேசைக்கு வந்தாள். “சார், ஏரிப் பக்கம் புளியந்தோப்புல மரமே இல்லைன்னு எழுதியிருக்காங்களாமே. எழுதினவனுக்குக் கண்ணு இன்னா குருடா?”

பக்கத்து மேசைக்காரர் குனிந்துகொண்டார். “எனக்குத் தெரியலைங்க, மேலதான் கேக்கணும்,” என்றேன்.

“ஐப்பசி மழைக்கு அதுங்க வரும் சார். கொக்கு, வக்கா, வளைஞ்ச மூக்கு வச்ச வெள்ளைப் பறவை. தை முடியறவரைக்கும் குஞ்சு பொரிச்சிக்கினு கெடக்கும். மரத்தடி மண்ணை வாரிப்போட்டுத்தான் என் கழனி விளையுது. ஏர் ஓட்டினா பின்னாலயே வந்து புழுவைப் பொறுக்கும். மருந்து கடைக்கு நான் போனதில்ல. மரத்தை எடுத்தா அதுங்க எங்க போகும், நான் எங்க போவேன்?”

“மனு குடுங்க. அனுப்பி வைக்கிறோம்.”

அவள் என் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் கறுப்பு மை அப்படியே இருந்தது. எங்களிடம் மனு கொடுக்கவில்லை. நேராக வேலூருக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

தீபம் முடிந்து, மலையிலிருந்து கொப்பரையை இறக்கிய வாரம், வேலூரிலிருந்து தபால் வந்தது. திங்கட்கிழமை நேரில் ஆய்வு. மனை போடுகிறவர் அதுவரை ஒரு மரத்தையும் எடுத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“நாளைக்கும் ஞாயித்துக்கிழமையும். ரெண்டு நாள்ல முடிக்கணும். அடிக்கட்டை மேல மண்ணைப் போட்டு மூடிடணும். நீ கூடவே நில்லு.”

“குஞ்சு இருக்கும் சார்.”

“கையெழுத்து உன்னுதுப்பா,” என்றார். மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்துவதுபோலச் சொன்னார்.

சனிக்கிழமை

மரம் வெட்ட வந்தவர்களுக்குத் தலைவர் காசி. அடி அண்ணாமலை கிராமத்துக்காரர், மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார். இருபது இருபத்தைந்து பேரைக் கூட்டி வந்திருந்தார். செங்கல் சூளைக்கு மரம் ஏற்ற லாரி சாலையில் காத்திருந்தது.

மரத்தடியில் இலையெல்லாம் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெளுத்திருந்தது. மீன் நாற்றம். மேலே பார்த்தால் கிளைக்குக் கிளை சுள்ளிக்கூடுகள், ஒவ்வொன்றிலிருந்தும் கழுத்துகள் நீண்டன. காசி அண்ணாந்து பார்த்துவிட்டு, “இன்னா சார் இது, சந்தை மாதிரி இருக்குது. ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா?” என்றார்.

“மேல உத்தரவு,” என்றேன்.

முதல் மரம் விழுந்த கதையைத் தொடக்கத்திலேயே சொன்னேன். அதற்குப் பிறகு வந்தவை காகங்கள். ஏரிப் பக்கமிருந்தும் ஊர்ப் பக்கமிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்தன. தாய்ப்பறவைகள் பயந்து மேலே சுற்றிக்கொண்டிருக்க, வெட்டாத மரங்களின் கூடுகளிலும் காகங்கள் இறங்கின. நீலம் கலந்த முட்டையை அலகில் கவ்விக்கொண்டு போயின. என் தெருக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் அதே பறவைதான். இடம் குலைந்தால் யாருக்குக் கொண்டாட்டம் என்பதை அன்றைக்குக் கண்ணெதிரே பார்த்தேன்.

பத்து மணிக்குப் பச்சையம்மாள் வந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்திருந்தேன். அவள் கூடை கொண்டுவந்திருந்தாள். விழுந்த குஞ்சுகளில் உயிர் இருந்ததைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டே வந்தாள். என்னிடம் வந்ததும் கையை நீட்டினாள். நான் பிடித்திருந்த குஞ்சைக் கொடுத்தேன்.

“நீங்கதானே ஆபீஸ்ல இருந்தவரு?”

“ஆமாங்க.”

“எழுதினதும் நீங்கதானே?”

ரம்பம் இழுபடுகிற சத்தம். காசி திரும்பிப் பார்த்தார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்தடிக்குப் போனாள்.

அன்று மாலைக்குள் ஆறு மரங்கள் விழுந்தன.

வீட்டுக்கு வந்ததும் சரோஜா மூக்கைப் பொத்திக்கொண்டாள். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். “உண்மையைச் சொன்னா வேலை போயிடுமா?”

“போகலாம்.”

வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்தாள். “நாளைக்குப் போகாதீங்க. காய்ச்சல்னு சொல்லிடுங்க. யாரோ வெட்டட்டும், யாரோ பதில் சொல்லட்டும்.”

அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதுதான் நல்ல வழியாகப் பட்டது. ஆனாலும் காலையில் எழுந்து போனேன். நான் இல்லாதபோது மேலதிகாரி என் பெயரில் என்ன சொல்லிவைப்பாரோ என்ற பயம்தான் என்னைப் போக வைத்தது.

காசி கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குள் இன்னும் நான்கு மரங்கள். நடுத்தோப்பில் ஆறு மிச்சம். இருப்பதிலேயே பெரியவை. தப்பிய பறவைகளெல்லாம் அவற்றில்தான் வந்து அடைந்திருந்தன. கிளை வளைகிற அளவுக்குக் கூட்டம்.

உச்சியில் வடக்கயிறு கட்ட ஓர் ஆள் ஏறினான். பாதி மரத்துக்கு மேல் போனவன் அங்கேயே நின்றான். பிறகு கயிற்றோடு இறங்கி வந்தான். தலையெல்லாம் எச்சம்.

“கால் வைக்க இடமில்ல,” என்றான் காசியிடம். “எங்க கை வச்சாலும் குஞ்சு. என்னைப் பாத்து வாயைத் தொறக்குது, தீனி குடுக்க வந்திருக்கேன்னு நெனச்சிக்கினு. என்னால முடியாதுண்ணா.”

மற்றவர்களும் கோடாலியைக் கீழே வைத்தார்கள். காசி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“நேத்துலேர்ந்து மேல உத்தரவுன்றீங்க சார். மேல இருக்கறவங்க இங்க இல்ல. நீங்கதான் இருக்கீங்க. நீங்க சொல்லுங்க. கட்டட்டுமா, வேணாமா?”

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இழு என்றால் கோடு இழுப்பேன், எழுது என்றால் எழுதுவேன். கூட்டமாக எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கொஞ்சம் தள்ளிப் பச்சையம்மாளும் கூடையோடு நின்றிருந்தாள்.

“வேணாம்,” என்றேன்.

“வாய்ப்பேச்சு வேணாம் சார். நாளைக்கு நாங்களா நின்னுட்டோம்னு சொல்லுவாங்க. எழுதிக் குடுங்க.”

வரைபடத்தைத் திருப்பி ஒரு வெட்டிய மரத்தின்மேல் விரித்து, அதன் பின்பக்கத்தில் எழுதினேன். ‘என் சொல்லின்பேரில் வேலை நிறுத்தப்பட்டது.’ எழுத்து கோணலாக வந்தது. கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தேன். காசி அதை மடித்து மடியில் செருகிக்கொண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

போவதற்கு முன், மரத்திலிருந்து இறங்கியவன் தானாகவே கூடையை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினான். பிழைத்திருந்த குஞ்சுகளைக் காலியான கூடுகளில் வைத்தான். அவற்றை எந்தத் தாயும் ஏற்றுக்கொண்டதா, காகங்களுக்குத்தான் போயிற்றா, தெரியாது.

மூன்று மணிக்கு மேலதிகாரி ஜீப்பில் வந்தார். ஆறு மரங்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“பொண்டாட்டி புள்ளைய நெனச்சுப் பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

“நாளைக்கு நீதான் பதில் சொல்லணும். என் பேரு வரக் கூடாது. வராம இருந்தா உன்னைக் காப்பாத்தறது என் பொறுப்பு.”

திங்கட்கிழமை

வேலூர் அதிகாரி வயதானவர், குடை பிடித்துக்கொண்டு இறங்கினார். புதிதாகக் கொட்டிய மண்மேல் நடந்தவர் ஓரிடத்தில் நின்று செருப்பால் மண்ணை விலக்கினார். ஈரமான அடிக்கட்டை தெரிந்தது. அப்படிப் பத்து இடத்தில் விலக்கினார். பிறகு தலைக்கு மேலே கத்திக்கொண்டிருந்த ஆறு மரங்களையும் பார்த்தார்.

“வரைபடம் போட்டது யாரு?”

“இவர்தான் சார்,” என்றார் மேலதிகாரி உடனே. “நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.”

“மரங்கள் இல்லைன்னு இருக்கே.”

“பொய்யா எழுதிட்டேன் சார்,” என்றேன்.

“யாராவது சொல்லி எழுதினீங்களா?”

என் மேலதிகாரி மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். காப்பாற்றுவதாக அவர் சொன்னதை நம்பினேன்.

“நானேதான் சார்.”

கழனி வரப்பில் நின்றிருந்த பச்சையம்மாள் குரல் கொடுத்தாள். “அவரு ஒருத்தரா எழுதினா அத்தனை பேரும் கண்ணை மூடிக்கினா இருந்தீங்க?” அதிகாரி தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

மனைப்பிரிவு அனுமதி நிறுத்தப்பட்டது. வேறொருவர் புது வரைபடம் போட்டார். அதில் தெரு ஆறு மரங்களையும் சுற்றி வளைந்தது. நான் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்யப்பட்டேன். சரோஜாவின் பிரசவம் அந்த நாட்களில்தான் நடந்தது, இரண்டாவதும் பெண். பல மாதம் கழித்து வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் திருப்பத்தூர்ப் பக்கம் போகச் சொன்னார்கள். மேலதிகாரி என்னைக் காப்பாற்றவில்லை. மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

வளைந்த தெரு

எண்பதுகளின் நடுவில் மாற்றலாகித் திருவண்ணாமலைக்கே வந்தேன். ஒரு மார்கழிக் காலையில் அந்த இடத்தைப் பார்க்கத் தனியாகப் போனேன்.

சாலையை ஒட்டிய நேரான தெருக்களில் வீடுகள் வந்திருந்தன. மாடிகள், இரும்புக் கதவுகள், மேலே காகம், மாடப்புறா, சிட்டுக்குருவி. பழைய எங்கள் தெருவைப் போலத்தான். நடந்துகொண்டே போய்த் தெரு வளைகிற இடத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. செம்போத்து அடித்தொண்டையில் கூப்பிட்டது. கிளிகள், மாங்குயில், மரங்கொத்தி, கொண்டலாத்தி. அங்கிருந்த வீடுகளின் முருங்கையிலும் செம்பருத்தியிலும் தேன்சிட்டும் தையல்சிட்டும் ஓடின. இரண்டு தெரு தள்ளி அவை ஒன்றுகூட இல்லை. மண் ஒன்றுதான், ஏரியும் ஒன்றுதான். மரம்தான் வித்தியாசம்.

வக்காக்கள் இருந்தன, பழைய கூட்டத்தில் கொஞ்சம்தான். வளைந்த மூக்கு வெள்ளைப் பறவையைக் காணவில்லை.

பச்சையம்மாள் கழனியில் பாதியை மனைக்கு விற்றிருந்தாள். மீதிப் பாதியின் ஓரத்தில் புது வீடு. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முடி நரைத்திருந்தது. முறத்தில் மோர் மிளகாய் காயவைத்து, பறவை எச்சம் விழாமல் மேலே பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்கீங்களா சார்? வேலை திரும்பக் குடுத்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்க. அந்த வெள்ளைப் பறவை வர்றதில்லையாம்மா?”

“அந்த வருசத்தோட சரி. அதுக்கப்புறம் வரவே இல்ல.” புடவையின் நுனியை முடிச்சுப் போட்டாள். “அது கட்டினதெல்லாம் சாலையோர மரத்துல. நீங்க மொத நாளே சாய்ச்சீங்களே, அந்த ஆறு மரத்துல.”

நான் மரங்களைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை வேணாம்னு சொன்னீங்க சார். அதைச் சனிக்கிழமையே சொல்லியிருந்தா இன்னா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பதில் சொல்வேன் என்று முடிச்சைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். பிறகு மிளகாயைத் திருப்பிப் போட உட்கார்ந்துவிட்டாள்.